தோட்டாப் பையைத் தைத்தவள் எழுதுவது

சிங்கப்பெருமாள் கோவில்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து.

அன்புள்ள கணவர் சாம்சன் அவர்களுக்கு, மனைவி மெர்சி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் மகள் எஸ்தரும் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறோம். வேலூர் ஜெயிலில் இந்தக் கடிதத்தை முதலில் பிரித்துப் படிக்கிற அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம். நல்லாப் படிங்க ஐயா. இதுல ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்ல. பக்கத்து மேசைக்காரருக்கும் வேணும்னா காட்டுங்க.

தங்களுடைய ஒன்பது பக்கக் கடிதம் கிடைக்கப்பெற்றேன். சே, இந்த ‘தங்களுடைய’ எல்லாம் எனக்கு வேலைக்காவாது. வூட்டுல பேசுற மாதிரியே எழுதிடுறேன்யா.

ஞாயித்துக்கிழமை ஜெயில் டிவியில ஒரு படம் பார்த்தியாம். அதுல துப்பாக்கிக்காரன் ஒருத்தன் தான் கொன்னவனோட பொண்டாட்டி கால்ல வந்து விழுறானாம். அவளைக் காப்பாத்தக் குறுக்கே பாய்ஞ்சு குண்டடி பட்டுச் சாவுறானாம். அவ அவன் தலையை மடியில வச்சுக்கினு மன்னிச்சுட்டேன்னு சொல்றாளாம். அதைப் பார்த்து ராத்திரி பூரா அழுதியாம். விடுதலையாகி வந்ததும் நெல்லையப்பன் பொண்டாட்டி கனகலட்சுமி கால்ல நீயும் விழணுமாம், அதுக்கு முன்னாடி நான் போய்ச் சொல்லி வைக்கணுமாம். ஒன்பது பக்கமும் இதேதான். இன்னா ஒரு நடிப்புன்னு அவன் அழுததுக்கு மட்டும் ஒரு பக்கம்.

சரி, அப்படி இன்னாதான் இருக்குன்னு எஸ்தர் போன்ல நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். நல்லாத்தான் எடுத்திருக்கானுங்க. சரியா கடைசி சீனுக்குன்னு ஒரு மழை வேற. ஆனா ஒண்ணு யோசிச்சியா? அவன் செத்துட்டான். செத்தவனை எந்த வக்கீல் நிக்க வச்சுக் கேள்வி கேக்கப் போறான்? அவனை அனுப்பின பெரிய மனுசன் யாருன்னு அவன் வாய் திறந்து சொல்லவே இல்ல. அழுதான், செத்தான், தப்பிச்சான். நீயும் அதே வழியில தப்பிக்கலாம்னு பார்க்குறியா?

நம்ம கதையில மழை இல்ல. சித்திரை வெயில், பகல் பதினோரு மணி. சுப்பராயனோட ஸ்கிராப் யார்டுல ஒரு ஆளோட கை பிரஸ் மெஷின்ல போயிடுச்சு. கேஸ் ஆவாம அமுக்கப் பார்த்தாரு சுப்பராயன். போலீஸ்ல எழுதுற வரைக்கும் லாரி நகராதுன்னு கூட வேலை பார்த்த நெல்லையப்பன் பத்துப் பேரைக் கூட்டிக்கினு லாரி முன்னாடி உட்கார்ந்தான். சுப்பராயன் காருல வந்து இறங்கினாரு, பின்னாடி கன்மேன் சாம்சன், நீ.

மிலிட்டரியில இருந்து வந்த நாளா உனக்கு ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கி தோள்ல இருக்கும், தோட்டா அதுல இருக்காது. ரெண்டும் ஒண்ணா இருக்கவே கூடாது மெர்சின்னு என்கிட்ட நூறு தடவை சொல்லியிருக்க. உன் பழைய காக்கி பேண்ட்டைக் கிழிச்சு, ரெண்டு பெரிய பொத்தான் வச்சு, தோட்டாவுக்குன்னு பை தைச்சுக் குடுத்தவ நான். சுப்பராயன் கிட்ட இருந்த நாலு வருசமும் அந்தத் துப்பாக்கி அவரு பந்தாவுக்குத்தான். அன்னைக்கு வரைக்கும் பையில இருந்து தோட்டாவை வெளியில எடுத்ததே கிடையாது.

அப்புறம் எப்படிய்யா அது தானா வெடிக்கும்?

கோர்ட்டுல நெல்லையப்பன் பேரு இன்னான்னு இருக்கு தெரியுமா? குடிச்சுட்டுத் துப்பாக்கியைப் பிடுங்க வந்தவன், இழுபறியில தவறுதலா குண்டு பட்டுச் செத்தவன். சுப்பராயனோட வக்கீல் எழுதிக் குடுத்ததுக்குக் கீழ நீ கையெழுத்துப் போட்ட. மொத தடவை உன்னை மனு போட்டுப் பார்க்க வந்தப்போ, அந்தக் கம்பி வலையில வாயை ஒட்டி வச்சு என்கிட்ட இன்னா சொன்ன? ‘சுப்பராயன் அண்ணன் தோட்டாவைப் போடுன்னாரு, போட்டேன். சுடுன்னாரு, சுட்டேன்’னு சொன்ன. ரெண்டு பொத்தானைக் கழட்டித்தானே போட்ட? அவ்வளவு நேரம் இருந்துச்சே உனக்கு.

உன்னை மட்டும் சொல்லல. இன்ஸ்பெக்டர் கேட்டப்போ, அது பழைய துப்பாக்கி சார், வூட்டுலயே ஒரு தடவை தானா வெடிச்சுதுன்னு புளுகினவ நான்தான். சுப்பராயன் சொல்லிக் குடுத்தாரு, நான் ஒப்பிச்சேன். புருசன் வூடு வந்து சேர்ந்தா போதும்னு இருந்துச்சு.

நீ சொன்னபடி போன வாரம் கனகலட்சுமியைப் பார்க்கப் போனேன். வல்லம் வடகால்ல ஒத்தை ரூம், புள்ளைங்க ரெண்டு. கம்பெனி கேண்டீன்ல வேலை. உன் மன்னிப்பைச் சொன்னேன். திருநெல்வேலிப் பொம்பளை இல்லையா, நின்ன இடத்துலயே வச்சு வாங்கிட்டா. ஒன் வீட்டுக்காரரு என் கால்ல விழுந்து நான் என்ன செய்ய, ஆறு மணி பஸ்ஸுக்கு இந்தக் காலு ஓடணும்லான்னு கேட்டா. எம்புருசன் கல்யாணத்து அன்னைக்குக்கூட ஒரு சொட்டு குடிச்சவரு இல்ல, பள்ளிக்கூடத்துல எம்பிள்ளைய குடிகாரன் மகன்னு சொல்லுதாவன்னா. அழல. எனக்குத்தான் முட்டிக்கினு வந்துச்சு. நான் இன்ஸ்பெக்டர் கிட்ட சொன்ன பொய்யையும் அவ முகத்துக்கு நேரா சொல்லிட்டேன். வெளிய போன்னா. வந்துட்டேன். வாசல் கேட்டு வரைக்கும் வந்தவளைப் பின்னாடியே வந்து கூப்பிட்டு, அறிவுமதின்னு அவளோட வக்கீல் அம்மா நம்பரைக் குடுத்தா.

அந்த அம்மா ஆபீஸ்ல உட்கார்ந்து, நான் சொன்னது பொய்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. ஆமாம், உன்னைக் கேக்கலதான். நீ கையெழுத்துப் போடும்போது என்னைக் கேட்டியா?

விஷயம் சுப்பராயன் காதுக்குப் போயிடுச்சு. அவரு குடுத்த வூடு தானே, காலி பண்ணச் சொல்ல மறுநாள் வந்தாரு. வந்து பார்த்தா பீரோ ஏற்கெனவே டாட்டா ஏஸ்ல ஏறிக்கினு இருக்கு. ‘பாத்து நடந்துக்க மெர்சி’ன்னாரு. ‘பாத்துக்கினுதான் இருக்கேன் அண்ணே, கொஞ்சம் நகருங்க, கட்டில் வரணும்’னேன். மனுசன் மூஞ்சியை நீ பார்த்திருக்கணும். எஸ்தருக்கு அவரு வாங்கிக் குடுத்த கம்பெனி லைன் வேலையும் போச்சு. அது அலட்டிக்கல. வேற கம்பெனியில பேக்கிங்ல சேர்ந்துடுச்சு, நைட் ஷிப்ட் வேற இல்ல, ஷேர் ஆட்டோவுல போய் வருது. ஆக, எங்களை வச்சு உன்னை மிரட்ட இனிமே அவரு கையில ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் எல்லாத்தையும் நானே முடிச்சு வச்சேன்.

இப்போ காதைக் குடுத்துக் கேளு. பதினெட்டாந்தேதி ஜட்ஜ் ஐயா உன்னைப் பார்த்து, நீ இன்னா சொல்றேன்னு கேப்பாரு. பழைய பொய்யையே சொன்னா, இருந்த ரெண்டு வருசமே போதும்னு வுட்டாலும் வுட்டுடுவாங்க. மறுநாளே வூட்டுக்கு வரலாம். உண்மையைச் சொன்னா சுப்பராயன் மாட்டுவாரு, கூட நீயும்தான். அது கொலைக் கேஸ். ஆயுள் கூட ஆவலாம்னு அறிவுமதி அம்மா மூடி மறைக்காம என்கிட்ட சொல்லிட்டாங்க.

எனக்கு மட்டும் நீ வரணும்னு ஆசை இல்லையாய்யா? இருவத்திரெண்டு வருசம் உன்கூட வாழ்ந்திருக்கேன். இந்தப் புது ரூம்ல ரெண்டு டம்ளர் டீயை ஊத்திட்டு முழிச்சுக்கினு நிக்குறேன் சில நாளு. ஆனா அந்தப் பொய்யோட வந்தா உனக்கு எப்படிச் சோறு போடுறது? இருவது கிலோமீட்டர் தள்ளி ஒரு பையனைக் குடிகாரன் மகன்னு கூப்புடுறாங்க, நான் இங்க உனக்கு மீன் குழம்பு ஊத்துறதா? என்னால ஆவாது.

கோர்ட்டுக்கு வருவேன். உன் பக்கத்து பெஞ்சுல தேடாத, கனகலட்சுமி பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். அவ தள்ளி உட்காருன்னு சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேன். நீ அழாத. யாரு கால்லயும் விழாத. நேரா நின்னு, நெல்லையப்பன் குடிக்கல, துப்பாக்கியைத் தொடவே இல்ல, சுப்பராயன் சுடச் சொன்னாரு, நான் சுட்டேன்னு சொல்லு. நாலே வரி. அதுக்கு ஒன்பது பக்கம் தேவையில்ல.

பிரஷர் மாத்திரையை ஒழுங்காப் போடு. கர்த்தர் உன் வாயைத் திறக்கட்டும்.

எத்தனை வருசம் போட்டாலும் மாசம் ரெண்டு தடவை வேலூர் பஸ் ஏறப்போற,
உன் பொண்டாட்டி
மெர்சி.