சேகரின் கேமரா

சனிக்கிழமை, இரவு.

திங்களன்று திண்டிவனத்தில், கிராமத்துப் பெண்களுக்குப் படமெடுக்கச் சொல்லித்தரும் எங்கள் பயிற்சி முகாம். சம்பளமில்லாமல் கேமராவோடு வருவதாகச் சொல்லியிருந்த விழுப்புரம் ஸ்டுடியோக்காரர் சேகர், இன்று போனில் கைவிரித்துவிட்டார்.

"நாத்து நடுற பொம்பளைங்களுக்கு எதுக்குங்க கேமரா?" என்று சிரித்தார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தது அவருக்குத் தெரியாது. படமெடுக்கப்போகும் கோலியனூர்ப் பெண்கள் என்னைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அஞ்சலை அக்கா போனை வாங்கினார். "எம் பொண்ணு கல்யாணத்துக்குப் படம் புடிக்க நீ வர வேணாம். இங்க குந்திக்கினு இருக்கிறவங்க யாரு வூட்டு விசேஷத்துக்கும் வராத."

சேகர் கெஞ்சத் தொடங்குவதற்குள் போனை வைத்துவிட்டார். எனக்கு இனித்தது.

அதற்குப் பிறகு ஆறு முறை அழைத்துவிட்டார். கேமராவோடு கட்டாயம் வருகிறேன் என்று செய்தியும் அனுப்பியிருக்கிறார். எனக்கும் வேறு ஆளில்லை. வரச் சொல்லத்தான் போகிறேன். அஞ்சலை அக்காவுக்கு அவரே ஃபோகஸ் வைக்கச் சொல்லித்தரட்டும்.

ஆனால் பதில் நாளைக்குத்தான். இன்றிரவு அவர் தூங்கக் கூடாது.