பஞ்சுக் கிட்டங்கிக் காலேஜ்

அச்சங்குளம்,
ஆனி மாதம், 1963.

நூறு வருசம் நல்லா இருக்க வேண்டிய மகன் வெள்ளைத்துரைக்கு உன் ஆத்தா அய்யம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி சோலையம்மாள் எழுதுற காயிதம். இங்கன நானும் உங்கய்யாவும் சோலையும் இருக்கன்குடித் தாயி புண்ணியத்துல மேலுக்கு ஒண்ணும் இல்லாம நடமாடிக்கிட்டு இருக்கோம். அங்கன பிலாயில நீ எப்படி இருக்கே, இரும்பு உருக்குற சூட்டுல நிக்கிறவன் மோரு கீரு குடிக்கிறியா, இல்ல எந்நேரமும் அந்தச் சப்பாத்தியையே தின்னுக்கிட்டுக் கிடக்கியா. உங்கய்யாவுக்கு இருமல் கொறைஞ்சிருக்கு, ஆனா பீடியை விடமாட்டேங்காரு, சொன்னா என்னையத்தான் முறைக்காரு. பட்டாசுக் கம்பெனியில தீபாவளி ஆர்டர் இப்பவே வந்து குமிஞ்சு கெடக்கு, ஞாயித்துக்கிழமையும் வான்னு கூப்பிடுதாக.

தங்கச்சியைக் காலேஜில சேர்த்தாச்சான்னு கேட்டு எழுதியிருந்தே. சேர்க்கலைப்பா. சேர்க்காததுக்கு நான்தான் காரணம், உங்கய்யா மேல கோவப்படாத. சாத்தூர்ப் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் சொல்லிவிட்டாகன்னு மதுரைக்கு இங்கிட்டு புதுசா ஆரம்பிச்சிருக்கிற பொம்பளைப் பிள்ளைக காலேஜைப் பாக்கப் போனோம். சம்பளமும் வேண்டாம், ஆஸ்டல் சோறும் சும்மான்னு காலேஜில இருந்து ஏற்கெனவே எழுதியிருந்தாக. நான் சும்மா போயிருக்கலாம், உன் அத்தை இருளாயியையும் கூட்டிட்டுப் போனேன். அவ மகன் காளிராஜுக்குச் சோலையைக் கேட்டு நடையா நடந்தாள்ல, என் மக பெரிய காலேஜில படிக்கப்போறா, இப்ப என்ன அவசரம்னு நான் சொல்லிவிட்டது உனக்கும் தெரியும். அவளுக்குக் காட்டணும்னு ஒரு வீம்பு. நம்ம வீட்டுல தொங்குதே கம்பெனி காலண்டரு, சரஸ்வதிக்குப் பின்னால வெள்ளை வெளேர்னு மாடியும் படிக்கட்டுமா ஒரு கட்டடம், அதைக் காட்டி இந்த மாதிரித்தான் இருக்கும்னு அவகிட்டயும் அளந்திருந்தேன், கம்பெனியில கூட உக்காந்து வேலை பாக்குறவளுக அம்புட்டுப் பேருகிட்டயும் அளந்திருந்தேன். அந்தப் படத்தைப் போட்டவன் எந்தக் காலேஜைக் கண்டான், நான் எந்தக் காலேஜைக் கண்டேன்.

போயி எறங்கிப் பாத்தா அது பஞ்சு மூட்டை அடுக்கி வச்சிருந்த பழைய கிட்டங்கிப்பா. தகரக் கூரை. விட்டத்துல இன்னும் பஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. நடுவுல தட்டி வச்சு மறைச்சு இந்தப் பக்கம் ஒரு வகுப்பு, அந்தப் பக்கம் ஒரு வகுப்பு, பாதிப் பிள்ளைக பெஞ்சியில, பாதிப் பிள்ளைக கோரம்பாயில. புஸ்தகம் ஒரே ஒரு பீரோதான். அந்தக் காலேஜுப் பெரிய டீச்சரம்மாவுக்கு உன் வயசுதான் இருக்கும், கைத்தறிச் சேலை கட்டிக்கிட்டு அவுகளே கிணத்துல தண்ணி எறைச்சுக் குடுத்தாக. நான் வாங்கிக் கீழ வச்சுட்டேன். இருளாயி சுத்திச் சுத்திப் பாத்துட்டு, இதுக்குத்தானா மதினி எம்மகனை வேண்டாம்னேன்னு காதுல கேட்டா. அம்புட்டுத்தான், எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு. இம்புட்டுப் பெரிய கிட்டங்கிக்கு ஒத்தை வாசல்தானா, எங்க கம்பெனியில மருந்து அடைக்கிற ரூமுக்கே நாலு பக்கமும் வாசல் இருக்கும், ஒரு பொறி பட்டா இந்தப் பிள்ளைக எங்கிட்டு ஓடும்னு கத்துனேன். கேக்குறவுகளுக்கு நியாயம் மாதிரித்தான் இருந்திருக்கும். நெசமா எனக்கு வாசலைப் பத்தி ஒரு கவலையும் இல்லப்பா, இருளாயி முகத்துல முழிக்க முடியாத கவலைதான். அந்த டீச்சரம்மா கோவிச்சுக்கலை. நீங்க சொல்றது சரிதாம்மான்னு சுவருகிட்ட கூட்டிட்டுப் போயி ரெண்டு இடத்துல சாக்பீஸ் கோடு போட்டு வச்சிருக்கிறதைக் காட்டுனாக, மழைக்கு முன்னால இங்கன ரெண்டு வாசல் எடுக்கப்போறோம்னாக. அப்புறம் கிளம்பி வந்துட்டோம்.

வந்த மறுநாள் யாரும் சொல்லாமலே சோலை என்கூடக் கம்பெனிக்குக் கிளம்பிட்டா. அழலை, மூஞ்சியைத் தூக்கிவச்சுக்கிடலை. எங்கடி வாறேன்னா எல்லாரும் போற இடத்துக்குத்தான்னா. இந்தக் காயிதத்துல அங்கங்க வெள்ளி மாதிரி மினுங்குனா வேற ஒண்ணும் இல்ல, அது இவ கையில இருக்கிற அலுமினியப் பொடி, சோப்புப் போட்டாலும் போகமாட்டேங்குது. சோறு போடுறப்ப அந்தக் கையைப் பாத்தா எனக்கு உள்ள எறங்கமாட்டேங்குதுப்பா.

இது வரைக்கும் சொல்லிட்டு வாசிச்சுக் காட்டுன்னேன். வாசிச்சா. ஒரு இடத்தை விட்டுட்டு வாசிச்சா. ஏண்டி விட்டுட்டேன்னா, அதை எழுதவே இல்லையாம், அண்ணன் வெசனப்படும்னு ‘கிளம்பி வந்துட்டோம்’னு போட்டுட்டாளாம். எழுதுடின்னு சொல்லியிருக்கேன், மாட்டேங்கா, எழுதாட்டி எந்திரிக்க விடமாட்டேன்னு உக்காத்தி வச்சிருக்கேன். நான் சொன்னது இதுதான். அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பாத்ததுக்கப்புறம், டீச்சரம்மாவும் இருளாயியும் அங்கன இருந்த பிள்ளைகளும் கேக்க, இவளுக்குத் தலையில எழுதுனது பட்டாசு சுத்துறதுதான், படிச்சுக் கிழிச்சது போதும்னு சொல்லி, இவ கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டு வந்தேன். சாத்தூர்ப் பள்ளிக்கூடத்துலயே முதலா வந்த பிள்ளையை. இவ அப்பவும் திரும்பி அந்தம்மாவுக்கு வணக்கம் வச்சுட்டுத்தான் வந்தா. திங்கக்கிழமை வரைக்கும் இடம் வச்சிருப்போம்னு டீச்சரம்மா வெளிக்கேட்டு வரைக்கும் வந்து சொன்னாக. நான் காதுல விழாத மாதிரி நடந்தேன். நெனைச்சா நெனைச்ச எடத்துல கூசிப்போகுதுப்பா. பெத்த பிள்ளை மூஞ்சியைப் பாத்து நான் பேசுனது தப்புன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. அதான் உனக்குச் சொல்லுற சாக்குல இவளை எழுத வச்சிருக்கேன். தப்புத்தான். எழுதுடி. இப்ப பேனாவை வச்சுட்டு முந்தானையால மூஞ்சியைத் துடைக்கா.

திங்கக்கிழமை முதல் பஸ்ஸுக்கு இவளைக் கூட்டிட்டுப் போறேன். டீச்சரம்மாகிட்ட என்ன சொல்லணுமோ நானே சொல்லிக்கிடுறேன். இருளாயிகிட்டயும் சொல்லிட்டேன், காலேஜ் கிட்டங்கியிலதான் நடக்குது, எம்மக அங்கனதான் படிக்கப்போறான்னு. சிரிச்சா. சிரிக்கட்டும்.

நீ ஒடம்பைப் பாத்துக்கோ, எண்ணெய் தேய்ச்சுக் குளி, ஆடி கடைசி வெள்ளிக்கு லீவு கிடைச்சா இருக்கன்குடிக்கு வந்துட்டுப் போ. தாயி உன்னைய எந்தக் குறையும் இல்லாம வச்சிருப்பா. ஒண்ணு மட்டும் மறந்துராத. அடுத்த காயிதம் தபாலாபீஸ் சங்கரலிங்கம் கையால வரும், அவரு கோழி கிண்டுன மாதிரி எழுதுவாரு. கையெழுத்து மாறியிருக்கேன்னு பதறாத. மாறாம இதே கையெழுத்துல வந்துச்சுன்னாத்தான், ஏலே, நீ கிளம்பி வந்து என்னைய என்னன்னு கேக்கணும்.

இப்படிக்கு,
உன் ஆத்தா,
வே. அய்யம்மாள்