என் மூச்சுக்கு ஒரு சாட்சி

தியாமிகேயின் அம்மாவுக்கு,

1. இதை எழுதுபவன், ஜோம்பா நகர நீதிமன்ற நடுவரான உன் கணவன்.

2. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்றுபோவதாக, நம் கல்யாணத்துக்குப் பொறுப்பேற்ற இரு தாய்மாமன்களிடமும் நீ அழுதாய். நான் குறட்டையே விடுவதில்லை என்று சாதித்து, உன்னைக் குறுக்கு விசாரணை செய்து பொய்க்காரியாக்கினேன். நீ பிறந்தகம் போனாய்.

நேற்று வழக்கின் நடுவே தூங்கிவிட்டேன். என் குறட்டை ஒலிபெருக்கியில் கேட்டது. விவாகரத்து கேட்டு நின்ற பெண், "எம் புருசனும் இப்படித்தாங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்," என்றாளாம். மன்றம் சிரித்த சிரிப்பில் விழித்தேன்.

இன்று மருத்துவரிடம் போனேன். அவர் தந்த கருவி, முகமூடி வழியே காற்றைச் செலுத்தித் தொண்டை அடைபடாமல் காக்கும். "மூச்சு ஒழுங்கா வருதான்னு யாருங்க பாத்துச் சொல்லுவா?" என்றார் அவர். தூங்குபவன் தன் மூச்சுக்குச் சாட்சியாக முடியாது. இருந்த ஒரே சாட்சியை நானே விரட்டினேன்.

வரச்சொல்லிக் கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

இப்படிக்கு,
தியாமிகேயின் அப்பா

சாட்சிகள்:
உன் மாமா கலிலோம்பே
என் மாமா மச்செம்பா
மூன்றாவது இடம் உனக்காகக் காலியாக உள்ளது.