அரிசி டிரம்மில் இருந்த பேட்ஜ்

நைனா துணை

அனுப்புநர்:
ந. கோவிந்தம்மா (வயது 47),
க/பெ. நரசிம்மன் (லேட்),
பெருமாள் கோயில் தெரு, வடக்குப்பட்டு,
ஒரகடம் அருகில், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: என் மகன் ந. ஹேமந்த் (22) மேல் அணுக்கதிர் படவே இல்லை என்று சொல்லும் பேட்ஜ் ரிப்போர்ட்டை ரத்து செய்யவும், அவனோடு வேலை செய்த இசக்கியை உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பவும் கேட்டு.

பார்வை: 12.8.2013 அன்று நான் கொடுத்த மனுவும், "கதிர் அளவு சைபர், மேல்நடவடிக்கை தேவையில்லை" என்று அதற்கு வந்த பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும், சொல்வதில் குறை இல்லை. ஹேமந்த் எனக்கு ஒரே பிள்ளை. அவன் அப்பா போனதிலிருந்து அவனை நைனா என்றுதான் கூப்பிடுவேன். மனுவின் மேலே சாமி பேரைப் போட்டுத் துணை என்று எழுதுவார்கள். நான் அவன் பேரைப் போட்டிருக்கிறேன்.

2. அவன் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தவன். குழாய் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்கும் வேலைக்கு ஒரு காண்டிராக்டர் அவனை எடுத்தார். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மாதிரிதான், ஆனால் கதிர் அதைவிடக் கடுமை. கேமரா என்று ஒரு கனமான பெட்டி, அதற்குள் கதிர் வீசும் துண்டு பென்சில் முனை அளவுதான் இருக்குமாம். கம்பியால் அதை வெளியே தள்ளிப் படம் எடுத்துவிட்டு, திரும்பப் பெட்டிக்குள் இழுக்க வேண்டும். உள்ளே போய்விட்டதா என்று காட்டுகிற மீட்டர் பல மாதமாக ரிப்பேர். துண்டு வெளியிலேயே நின்றிருந்தாலும் தெரியாமல் கையால் பிடித்துவிடுவார்களாம். இதையெல்லாம் நைனா என்னிடம் சொன்னதில்லை. அவனோடு ஒரே ஷிப்டில் இருந்த, திருநெல்வேலிப் பக்கத்து இசக்கி பிறகு சொல்லித்தான் தெரியும்.

3. ஜூன் கடைசியில் அவன் வலது கையில் மூன்று விரல் சிவந்து வீங்கியது. "கொதிக்கிற எண்ணெ பட்ட மாரி கீதுமா" என்றான். எந்தச் சட்டியைத் தொட்டாய் என்று நான் திட்டினேன். கம்பெனியில் அலர்ஜி என்று ஆயின்மென்ட் கொடுத்தார்கள். பிறகு வாந்தி, ஈறில் ரத்தம், தலையணையில் கொத்துக் கொத்தாய் முடி. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன வேலை என்று கேட்டபோது, நான் வாயைத் திறக்கும் முன்னே காண்டிராக்டரின் ஆள் "ஹெல்ப்பர் வேலை சார்" என்றான். டாக்டர் அதையே எழுதிக்கொண்டார். 24.7.2013 காலை பதினொன்றரை மணிக்கு என் பிள்ளை இறந்தான். காய்ச்சல், ரத்தத்தில் கிருமி என்று சர்டிபிகேட் கொடுத்தார்கள்.

4. கருமாதி முடிந்த பிறகு இசக்கி பன்னிரண்டு தாள் கொண்டுவந்தான். அணு வேலையில் மறைக்கிற விஷயத்தை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல, பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் தகவல் சங்கம் ஒன்று இருக்கிறதாம். இசக்கியின் ஊர்க் கடலோரத்தில் அணு உலை வேண்டாம் என்று போராடுகிறவர்களிடம் அவர்கள் தாளைப் பார்த்திருக்கிறான். நைனாவின் கையைப் பற்றி அவர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறான். பக்கத்துத் தெரு மெர்சி அந்தத் தாள்களைத் தமிழில் படித்துக் காட்டினாள். நாலாவது தாளில் யாரோ ஒருவருடைய கையின் படம். நான் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஊர் வேறு, நிறம் வேறு, புண் ஒன்றுதான். பேட்ஜ் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள், கூட நின்ற எல்லோருக்கும் ரத்தம் பாருங்கள் என்று அதில் எழுதியிருந்தது. என் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தவர்கள் யாரும் சொல்லாததை முகம் தெரியாதவர்கள் சொன்னார்கள்.

5. அதைப் பார்த்துத்தான் ஆகஸ்டில் மனு கொடுத்தேன். கம்பெனியை விசாரிக்க யாரும் போகவில்லை. என் வீட்டுக்குத்தான் விசாரணை என்று போலீஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள். "இன்னாமா, எந்த நாட்டு ஏஜென்ட் நீ?" என்று ஒருவர் சிரித்தார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பஸ்ஸில் போனாலே எனக்கு வாந்தி வரும் ஐயா, நான் எந்த நாட்டுக்கு ஏஜென்ட்? பன்னிரண்டு தாளையும் எடுத்துப் போய்விட்டார்கள். வெளிநாட்டுக் கம்பெனி வந்தால் பந்தல் போட்டு மாலை போடுகிறீர்கள். வெளிநாட்டுக் காகிதம் வந்தால் மட்டும் வீட்டைக் கவிழ்த்துப் பார்க்கிறீர்கள். என் பிள்ளை எப்படிச் செத்தான் என்று நான் கேட்டேன். யார் உனக்குச் சொன்னது என்று என்னைக் கேட்கிறார்கள்.

6. இப்போது சைபரைப் பற்றி. இதைப் போன மனுவில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. கதிர் எவ்வளவு பட்டது என்று அளக்க ஒவ்வொருவருக்கும் ஒரு பேட்ஜ் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பிப் பார்ப்பார்கள். அளவு மீறினால் அந்த ஆளை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்பது சட்டமாம். அதனால் சூப்பர்வைசர் இவர்களிடம், "பேட்ஜு ரொம்பிச்சின்னா வேல காலி. வூட்லயே கழட்டி வச்சிட்டு வா" என்று சொல்லியிருக்கிறார். நைனா அதை எங்கே வைப்பது என்று கேட்டான். எலி இழுத்துப் போய்விடும் என்று நான்தான் வாங்கி அரிசி டிரம்மில் போட்டு மூடி வைத்தேன். பிள்ளைக்கு வேலை நிலைக்க வேண்டும் என்று என் கையாலேயே வைத்தேன். ஆகவே ஐயா, அந்த ரிப்போர்ட் என் அரிசிக்குக் கதிர் படவில்லை என்றுதான் சொல்கிறது. என் பிள்ளையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இதற்காக என் மேல் கேஸ் போடுவதானால் போடுங்கள், கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் கழட்டி வைக்கச் சொன்னவர் மேலும் போடுங்கள்.

7. இசக்கிக்கும் சைபர்தான் வந்திருக்கிறது. அவன் பேட்ஜ் அவன் தங்கியிருக்கும் ரூமில் ஆணியில் தொங்கியது. இப்போது அவன் இடது கைக் கட்டைவிரல் சிவந்திருக்கிறது. கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, லேசா காந்துது, அவ்வளவுதாம்" என்கிறான். என் பிள்ளையும் இப்படித்தான் சொன்னான். சைபர் உள்ளவனுக்கு எதற்கு டெஸ்ட் என்று கம்பெனியில் கேட்கிறார்களாம். நேற்றும் அவன் ஷிப்டுக்குப் போனான். அந்த ஒரு சைபரை வைத்து என் பிள்ளையைப் பொய்யாக்கினார்கள், அதை வைத்தே இவனையும் கொல்லப் பார்க்கிறார்கள்.

ஆகவே ஐயா அவர்கள் அந்த ரிப்போர்ட் செல்லாது என்று உத்தரவு போட்டு, இசக்கியை இந்த வாரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். என்ன வேலை செய்கிறான் என்பதை டாக்டரிடம் அவனே சொல்லட்டும், பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம். எனக்கு இனி எதுவும் திரும்பி வராது. அவனுக்கு ஊரில் அம்மா இருக்கிறாள்.

இடம்: வடக்குப்பட்டு
நாள்: 18.11.2013

இப்படிக்கு,
ந. கோவிந்தம்மா

குறிப்பு: மனுவோடு வைக்கச் சொல்லி உங்கள் ஆபீஸில் தந்த படிவத்தில், சம்பவம் நடந்த தேதி, நேரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நிரப்பாவிட்டால் வாங்க மாட்டோம் என்கிறார்கள். கதிருக்கு நிறமில்லை, வாசனையில்லை, பட்ட அன்றைக்கு வலியும் தெரியாதாம். இசக்கிக்கும் தேதி தெரியவில்லை. அன்றைக்கும் நீ வந்து, இன்னா கொழம்பு என்று கேட்டுச் சாப்பிட்டுத்தான் படுத்திருப்பாய். அது எந்த நாள், நைனா?