மேல் ஏரியில் ஊற்றிய பச்சைச் சாயம்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம், மலை ஏறி இறங்கியதில் என் முழங்கால் மட்டும் கோபித்துக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறீர்கள்தானே?

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று உன் அக்கா சொல்லி, பதறிப்போய் எழுதியிருந்தாய். உண்மைதான், ஆனால் அவள் சொன்னது பாதி. மேல் ஏரிக்கரையில் அந்தப் பழைய காட்டை வெட்டி விடுதி கட்டப் போகிறார்கள். அளக்க வந்தவர்கள் நல்ல கோடையில் வந்து, ஏரியிலிருந்து ஓடை எதுவும் கீழே வரவில்லை, ஊர்க் குடிநீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். குடிநீர் நிலையத்தில் இருபத்தாறு வருஷமாகத் தண்ணீரைச் சோதிக்கிறவள் நான், அந்த அறிக்கையில் என் கையெழுத்தும் வேண்டுமாம். ஏரித் தண்ணீர் பாறை இடுக்கில் இறங்கி, பூமிக்குள்ளேயே வந்து நம் குடிநீர் ஊற்றில் கிளம்புகிறது என்று எங்கள் நிலைய அதிகாரியிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியாத தண்ணியை எப்படிம்மா அறிக்கையில போடறது என்று சிரித்தார். எனக்கு வந்ததே கோபம். குழாய்க் கசிவு கண்டுபிடிக்க நாங்கள் வைத்திருக்கும் பச்சைச் சாயத்தை, குடித்தாலும் ஒன்றும் செய்யாது, பயப்படாதே, இரண்டு கேன் தூக்கிக்கொண்டு போய் அந்த இடுக்கில் ஊற்றிவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முன்கூட்டியே சொன்னேன், உன் அப்பாவிடம் சொல்லத்தான் மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை ஊர்க் குழாயெல்லாம் பச்சை. பாதிச் சவரத்தில் அப்பா என்னைக் கூப்பிட்ட குரல் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். பாட்டிலும் கையுமாக என்னைத் திட்ட வந்தவர்கள், விஷயத்தைக் கேட்டதும் அப்படியே அதிகாரி அறைப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அதற்காகத்தான் என்னை நிறுத்தி வைத்தார்கள், நேற்று விசாரணை. அதிகாரி தனியாகக் கூப்பிட்டு, தவறுதலா கொட்டிடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, நாளைக்கே வேலைக்கு வாங்க என்றார். நீயும் அதைத்தான் சொல்லியிருந்தாய், ஓய்வு பெற எட்டு மாதம்தானே, எதற்கு வம்பு என்று. கோபித்துக்கொள்ளாதே, உன் பேச்சை நான் கேட்கவில்லை. தவறுதலாக என்று எழுதினால் சோதனையே செல்லாது என்பார்கள், அடுத்த வாரமே மரம் வெட்ட ஆள் ஏறிவிடும், சாயம் வந்த வழியில் விடுதியின் சாக்கடை வரும். தெரிந்தேதான் ஊற்றினேன், இன்ன இடத்தில், இத்தனை மணிக்கு, விடுதி வேலை தொடங்கினால் மறுபடியும் ஊற்றுவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படித்துவிட்டு, இத்தனை வருஷ வேலையை ஒரு நிமிஷத்துல தொலைச்சுட்டீங்களே என்றார். அந்த வேலையைத்தான் சார் செஞ்சிருக்கேன் என்று சொல்லிவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து வந்துவிட்டேன்.

நீ ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவர் ஆசீர்வாதமும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், எனக்காக அந்த அதிகாரிக்குப் போன் போட்டுக் கெஞ்சாதே. கெஞ்சினாய் என்று தெரிந்தால் உன்னோடு பேசவே மாட்டேன்.

என்றும் உன்,
அம்மா