தாராவி என்று போட்ட சீட்டு

மாமி,

இன்று காலை நம் பேக்கரியில் இரண்டாவது ஓவனுக்கு இடம் ஒழிக்க அலமாரியைக் காலி செய்தோம். மைதா மூட்டைக்குப் பின்னால் ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டுச் சீட்டு கிடைத்தது. பிஸ்கட் பொட்டலத்தில் ஒட்டுவதற்காக நீங்கள் அச்சடித்துக் கொண்டுவந்தவை. ‘வீட்டுத் தயாரிப்பு, மாட்டுங்கா’ என்றிருந்தது. ஒன்றுகூட ஒட்டப்படவில்லை. செல்வி குப்பையில் போடப் போனாள். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது மாட்டுங்காவில் உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். டெலிபோன் ஆபீஸ் வேலை முடிந்து ஓய்வு பெற்ற நீங்கள், சின்ன ஓவனில் எதையாவது சுட்டுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள் நான்கட்டாய் பிஸ்கட்டைக் கையில் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள்.

“வாயில மாவா ஒட்டுது மாமி. கொஞ்சம் ரவை சேத்தா நல்லாருக்கும்” என்றேன்.

வேறு வீடாக இருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். நீங்கள் அப்போதே ரவை டப்பாவை எடுத்து, என்னையே பிசையச் சொன்னீர்கள். மறுநாள், “உன் கைக்கு இது நன்னா வரது. பாத்திரம் தேய்க்கறதை விட்டுட்டு இதைப் பண்ணேன்” என்றீர்கள்.

“ஓவன எங்க வைக்க? எங்க வீட்ல கால நீட்டிப் படுக்கவே எடம் கெடையாது.”

சிரிப்பாகத்தான் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. அந்த மழைக்காலத்திலேயே குடை பிடித்துக்கொண்டு நாங்கள் இருக்கும் தாராவிக்கு வந்து, பூட்டிக் கிடந்த ஒரு தோல்பைப் பட்டறையை வாடகைக்குப் பேசி முடித்தீர்கள். உங்கள் ஓவனை டாக்சியில் ஏற்றி வந்தீர்கள். நான், செல்வி, இன்னும் மூன்று பேர் சேர்ந்தோம். தோல் நாற்றம் போகத் தரையைத் தேய்த்தபோது, நீங்களும் புடவையைச் செருகிக்கொண்டு எங்களோடு தேய்த்தீர்கள். ஆனால் தாகம் எடுத்தால் உங்கள் பையிலிருக்கும் பாட்டிலை எடுத்துத்தான் குடிப்பீர்கள். நாங்கள் கவனித்தோம்.

செம்பூரில் ஓர் ஆபீஸ் கேன்டீன் தினமும் பிஸ்கட் எடுத்துக்கொள்வதாகச் சொன்னதும், இந்தச் சீட்டுக் கட்டோடு சந்தோஷமாக வந்தீர்கள். செல்வி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மாமி, செய்யிறது இங்கல்லா? மாட்டுங்கான்னு போட்டிருக்கு?” என்று கேட்டேன்.

“தாராவின்னு போட்டா யாரும் வாங்க மாட்டா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“உங்க வீட்டுப் பாத்திரத்த இத்தன வருசமா இந்தக் கைதான கழுவிச்சு? அப்பம் தாராவிக் கைன்னு பாத்தியளா?”

நீங்கள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. “வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?” என்று செல்வி அழுதாள். ஓவனைத் திருப்பிக் கேட்டு ஆள் வரும் என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் நீங்களே வந்தீர்கள். எங்கள் ஐந்து பேருக்கும் முன்னால் நின்று, “நான் சொன்னது தப்பு. பயந்தது நான். நீங்க இல்லை” என்றீர்கள். புதுச் சீட்டுகளைப் பையிலிருந்து எடுத்தீர்கள். தாராவி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

அன்றே என்னைக் கூட்டிக்கொண்டு செம்பூருக்குப் பஸ் ஏறினீர்கள். கேன்டீன் மேனேஜர் சீட்டைப் பார்த்ததும், “மாட்டுங்கான்னு சொன்னீங்களே, மேடம்?” என்றார்.

“பொய் சொன்னேன். பண்றது இவா. இடம் தாராவி. ஒருநாள் வந்து பாருங்கோ, எங்காத்துச் சமையல்கட்டைவிடச் சுத்தமா இருக்கும்.”

அவர் வரவில்லை. ஆர்டரும் போயிற்று. திரும்பும் வழியெல்லாம் நீங்கள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். பட்டறைக்குள் நுழைந்ததும், “ஒரு டீ தரியா?” என்று கேட்டீர்கள். எங்கள் தண்ணீரில் போட்ட டீயை, எங்கள் டம்ளரில், கடைசிச் சொட்டுவரை குடித்தீர்கள். செல்வி அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு நம் பிஸ்கட்டை முதலில் வாங்கியவை தாராவியின் டீக்கடைகள்தான். அங்கிருந்து சயான், மாட்டுங்கா, கடைசியில் செம்பூர்க் கடைகளுக்கும் போயிற்று. தாராவிச் சீட்டோடுதான் போயிற்று. நீங்கள் கண்ணை மூடிய மறுநாள் ஐந்து பேரும் உங்கள் வீட்டு வாசலில் நின்றோம். வெளிநாட்டிலிருந்து வந்த உங்கள் மகன், “நீங்கள்லாம் யாரு?” என்று கேட்டார். வேலைக்காரி என்று என் வாயில் வரப் பார்த்தது. செல்வி முந்திக்கொண்டாள். “அவங்ககூட பேக்கரி நடத்துறவங்க” என்றாள்.

இப்போது பதினோரு பேர் இருக்கிறோம். நான்தான் பொறுப்பு. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, மாவு பிசையும் முறையை நான் மாற்றியது சரியில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அதட்டி உட்கார வைத்தேன். ஆனால் தட்டுத் தட்டாகப் பிஸ்கட் உடைந்து வந்தது. அவள் சொன்னதுதான் சரி. எல்லோரையும் கூப்பிட்டு, “நான் சொன்னது தப்பு” என்றேன்.

உங்களுக்கு அதற்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆனாலும் சொல்லிவிட்டேன், மாமி.