இரட்டைப்படை மூச்சுகள்

பதில் வராத இடத்துக்கு எழுதுகிறேன், மன்னித்துக்கொள். நேரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள் இப்போது பக்கம் பக்கமாக எழுதுவது உனக்கே சிரிப்பாக இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக் கூட்டத்தைத் தாண்டி உங்கள் வீட்டுக்குப் போனேன். மஞ்சள் காமாலையில் நீ போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. "காலேஜ் நோட்டும்மா, நீயே வெச்சுக்கோ" என்று உன் அம்மா ஒன்றைக் கொடுத்தார்கள். பழுப்பு அட்டை. திறந்தால் இன்னமும் வார்டில் தரை துடைக்கும் லோஷன் வாசனை. நம்முடைய மூச்சுக் கணக்கு நோட்டு.

நாம் குழந்தைகள் வார்டில் பயிற்சியில் இருந்த வருடம் புதிதாக வந்த சார், "எல்லாரும் செய்றாங்கங்கிறது ஆதாரம் இல்ல" என்பார். சளியோடு வரும் குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வைப்பது வார்டு வழக்கம். அதனால் மூச்சு சீராகிறதா என்று நம்மையே பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு குழந்தையின் மூச்சையும் முழு நிமிடம் எண்ணி எழுத வேண்டும். காலையில் நீ, மாலையில் நான்.

உன் பக்கங்களில் 38, 42, 36, 44. ஒன்றுகூட ஒற்றைப்படை இல்லை. என் அப்பா திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டுபவர். அளவு ரொம்ப ஒழுங்காக வந்தால் அளந்தவனைத்தான் முதலில் பார்ப்பார். எனக்கும் அதே கண். நீ எண்ணாமலே எழுதுகிறாய் என்று முடிவு கட்டினேன். உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல், சார் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

சார் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினேன், வார்டில் எல்லாரும் அப்படித்தான் என்றாயாம். இன்னொரு முறை நடந்தால் மொத்த வேலையும் செல்லாது என்று சொல்லி அனுப்பினாராம்.

அன்று ரயிலில், "யாருடி போட்டுக் குடுத்திருப்பா?" என்றாய்.

"தெரியலடி."

"என்னையே கேட்டிருந்தா சொல்லிருப்பேன்" என்றாய், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

நான்தான் என்று உனக்குத் தெரியுமோ என்ற சந்தேகம் அந்த ஜன்னலில் தொடங்கியது. அதன் பிறகு நீ டிபன் பாக்ஸை நீட்டிய போதெல்லாம் முதலில் உன் முகத்தைத்தான் பார்த்தேன். நோட்டில் உன் பக்கங்களை மறுபடி திறந்து பார்க்கும் தைரியம் மட்டும் வரவில்லை.

இப்போது அதே வார்டில் அதே பாடத்தை நான் நடத்துகிறேன். மாணவர்கள் எண்ணும்போது, பின்னால் நின்று நானும் எண்ணுகிறேன். "மேடம் நம்ம மூச்சையும் எண்ணுவாங்க போலகீது மச்சான்" என்று ஒருவன் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. தவறாகச் சொல்லவில்லை.

நேற்றுதான் நோட்டைக் கடைசி வரை புரட்டினேன். சார் கூப்பிட்டதற்கு மறுநாளிலிருந்து உன் கையெழுத்தில் 41, 37, 38, 43. முழு நிமிடம் எண்ணினாயா, சந்தேகப்பட்டவளின் கண்ணுக்காக ஒற்றைப்படையைக் கலந்து வைத்தாயா? எண்களை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்துவிட்டேன். இரண்டில் எது என்று சொல்ல இந்த நோட்டில் ஒன்றுமில்லை.

சீட்டை எழுதியது நான். தெரியாமல் போயிருந்தால் இப்போது தெரிந்துகொள்.

அன்று உன்னையே கேட்கவில்லை; இப்போது ஒன்று கேட்கிறேன். அந்த 41-ஐ மட்டுமாவது, நீ ஒரு குழந்தையின் நெஞ்சையும் உன் வாட்சையும் மாறி மாறிப் பார்த்து முழுதாக எண்ணினாய் என்று, ஆதாரம் கேட்காமல் நம்ப என்னை விடு.